கடைசி இரண்டு டெவில்

"டெவில் தீர்ந்துடுச்சு, மாப்பிள்ளை."

நித்தாய் அதைச் சொன்ன விதமே பரிமலுக்குப் பிடிக்கவில்லை. பரிமாறுகிறவர் முகத்தில் கொஞ்சமாவது வருத்தம் வேண்டாமா?

"நேத்தும் தீர்ந்துடுச்சுன்னுதான் சொன்னீங்க."

"நேத்தும் தீர்ந்துடுச்சே. பொய்யா சொன்னேன்?"

"முந்தாநேத்து?"

"அன்னிக்கும் கடைசி ரெண்டு நீங்க வர்றதுக்கு முன்னாடியே போச்சு. வாழைப்பூ சாப் இருக்கு, கொண்டு வரட்டா? உடம்புக்கு நல்லது."

பரிமல் லாஹிரி உடம்புக்கு நல்லதைத் தேடி நியூ அபயா கேபின் என்கிற இந்தப் பலகாரக்கடைக்கு வருகிறவர் இல்லை. அதற்குத்தான் வீடு இருக்கிறதே. அவர் வருவது முட்டை டெவிலுக்காக. வேகவைத்த முட்டையைப் பாதியாக வெட்டி, மசாலாவில் வதக்கிய கொத்துக்கறிக்குள் பொதிந்து, ரொட்டித்தூளில் புரட்டி, பொன்னிறமாகப் பொரித்து, பக்கத்தில் மூக்கில் ஏறுகிற கடுகு விழுதோடு வைப்பார்களே, அதற்காக. சமையல்காரர் தாசரதிக்குத் துர்கா பூஜை சமயத்தில் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டதிலிருந்து நாளுக்கு ஒரே ஒரு சட்டிதான். நாலு மணிக்குப் பொரித்தால் ஐந்துக்குள் காலி. பரிமல் ஆபீஸ் விட்டு ஆறு மணிக்கு வரும்போது தட்டில் எண்ணெய்ப் பளபளப்பு மட்டும் மிச்சம் இருக்கும். மூன்று வாரமாக இதே கதை.

"சரி, தினமும் அந்தக் கடைசி ரெண்டையும் முழுங்கறது யாரு? அதையாவது சொல்லுங்க."

நித்தாய் மின்விசிறியைப் பார்த்தார். "இந்தக் கடையில யார் என்ன சாப்பிட்டாங்கன்னு வெளிய சொல்ற வழக்கம் கிடையாது. சொல்றதா இருந்தா உங்களைப் பத்தியும் சொல்லணும்."

வாழைப்பூவை உருட்டிப் பொரித்த அந்தச் சாப்பையே பரிமல் கொண்டு வரச் சொன்னார்.

வடக்குக் கல்கத்தாவில் எங்கள் சந்து கொஞ்சம் வாய் பெருத்த சந்து. யார் வீட்டில் என்ன மீன் வாங்கினார்கள் என்பது மீன் வெந்து முடிவதற்குள் பத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். அபயா கேபினில் உள்ளே போனது மட்டும் வெளியே வராது. வக்கீல்கள், வைத்தியர்கள், வீட்டில் பத்தியச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள் என்று எத்தனையோ பேருடைய மானம் அந்தப் பச்சைத் திரைகளுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. பரிமலின் மானமும் அங்கேதான் இருந்தது. மற்றவர்களுடையதைவிட அவருடையது கொஞ்சம் பெரிய மானம்.

ஏனென்றால் அவர் சபதம் செய்தவர்.

ஒன்பது வருடத்துக்கு முன் நடந்தது. பரிமல் வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் காலமாகி, காரியங்கள் முடிந்து, குடும்பம் மறுபடி மீன் தொடுகிற நாள். நீளமாகப் பந்தி போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை என்பதால் பரிமலின் இலையில் ரோகு மீனின் தலை விழுந்தது, முழுத் தலை. அந்த நேரம் பார்த்து மாமியார் ஹேமாங்கினி வெள்ளைப் புடவையில் வாசற்படி ஓரம் வந்து நின்றார். கணவரை இழந்தவர் இனி ஆயுளுக்கும் மீன், கறி, முட்டை, வெங்காயம், பூண்டு எதையும் தொடக்கூடாது. இலையையே பார்த்துக்கொண்டு நின்றவரின் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது.

பரிமலுக்கு நெஞ்சு பொங்கிவிட்டது. சட்டென்று எழுந்து நின்றார். "அம்மா தொடாத மீனை நானும் தொட மாட்டேன்! இன்னிலேர்ந்து இந்த வீட்ல அம்மாவுக்கு என்ன சாப்பாடோ அதேதான் எனக்கும்!"

யாராவது கையைப் பிடித்து, "அதெல்லாம் வேண்டாம்பா, சின்ன வயசு, உட்காரு" என்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னார். ஒருவரும் சொல்லவில்லை. மனைவியின் பெரிய மாமா கட்டிப்பிடித்து அழுதார். யாரோ மங்கலமாகச் சங்கு ஊதினார்கள். மீன் தலை இலையோடு போய்விட்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் வெங்காயத் தோல்கூட நுழைந்ததில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மாமியார், "மகன் இருந்தாக்கூட இப்படிச் செஞ்சிருக்க மாட்டான்" என்று சொல்வார். சந்து முழுக்க அவரைப் பெரியம்மா என்ற உரிமையோடு மாசிமா என்று அழைக்கும். அந்த மாசிமா சொன்னால் சந்தில் மறுபேச்சு கிடையாது. பரிமலைக் கண்டால் வயதானவர்கள் வழிவிட்டார்கள். அந்த மரியாதை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் நாக்கு மரியாதையைச் சாப்பிடுவதில்லை. பதினோராம் நாளே அபயா கேபினின் கடைசி பெஞ்சில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடி கட்லெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாமியார் பாவம், நல்ல மனசு. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது சொல்வார்: "பரிமல், மழைக்காலம் வந்துடுச்சு. ஹில்சா மீன் வந்திருக்காம். உனக்காகவாவது ஒண்ணு வாங்கட்டுமா? உன் மாமனார்கூட போறப்போ சொன்னார், நான் இல்லேன்னு யாரும் வாயைக் கட்டக்கூடாதுன்னு."

உடனே பரிமல் நெஞ்சில் கை வைப்பார். "நீங்க சாப்பிடாம நான் எப்படிம்மா?"

மாமியார் பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். பெருமையில் விடுகிற மூச்சு என்று பரிமல் நினைத்துக்கொள்வார். மனைவி ரேபா பள்ளிக்கூட ஆசிரியை. அவளுக்குப் பள்ளிக்கூட கேன்டீன் இருந்தது, சபதமும் இல்லை. அதனால் அவள் இந்த விஷயத்தில் தலையிடுவதே இல்லை. வீட்டு அலமாரியில் இருக்கும் நெஞ்செரிச்சல் மருந்து பாதி மாதத்திலேயே தீர்ந்துபோவதற்கு அந்த கேன்டீன்தான் காரணம் என்று பரிமல் முடிவு கட்டியிருந்தார்.

மறுநாள் ஆபீஸ் வாசலில் ஏதோ ஊர்வலம். மூன்று மணிக்கே எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பரிமலுக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது. இன்றைக்கு நாலு மணிக்கே போய் உட்கார்ந்துவிட வேண்டும். டெவில் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, அந்தக் கடைசி இரண்டைத் தின்பது யார் என்று கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். மூன்று வாரமாகத் தூக்கத்தில்கூட அதே கேள்வி.

அவர் குடையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டுக் கடைக்குள் நுழைந்ததும், நித்தாய் கையிலிருந்த தட்டை அருகிலிருந்த மேஜையில் வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"இப்ப எதுக்கு வந்தீங்க?"

"ஏன், கடை திறந்துதானே இருக்கு?"

"திறந்திருக்கு. ஆனா நீங்க ஆறு மணி ஆளாச்சே!"

கல்லாவிலிருந்து முதலாளி ஹாபுல் பாபு எழுந்தே வந்துவிட்டார். கல்லாவை விட்டு அவர் எழுந்து பரிமல் பார்த்ததில்லை. "மாப்பிள்ளை, எண்ணெய் இன்னும் காயலை. போய்க் கொஞ்சம் காத்தாட நடந்துட்டு ஆறு மணிக்கு வாங்க. நான் ரெண்டு டெவில் எடுத்து வைக்கறேன். சத்தியமா."

"மூணு வாரமா வைக்காதவர் இன்னிக்கு மட்டும் ஏன் வைக்கணும்?"

ஹாபுல் பாபு நித்தாயைப் பார்த்தார். நித்தாய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு பத்து. யாரையோ காப்பாற்றுகிறார்கள் என்று பரிமலுக்குப் புரிந்துவிட்டது. பெரிய புள்ளி போலிருக்கிறது. பெஞ்சில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

கடையில் மொத்தம் மூன்று கேபின், மூன்றுக்கும் திரை. மூன்றாம் நம்பரின் திரை மட்டும் பாதி திறந்திருந்தது. உள்ளே மேஜை பளிச்சென்று துடைத்திருந்தது. ஒரு தட்டு, கிண்ணத்தில் கடுகு விழுது, மூடி போட்ட தண்ணீர் டம்ளர். மற்ற யாருக்கும் இந்தக் கடையில் டம்ளருக்கு மூடி போட்டதில்லை.

"அங்க போய் உட்காரட்டா?"

"அது ரிசர்வ்!" என்று நித்தாய் பாய்ந்து போய்த் திரையை இழுத்து மூடினார்.

பரிமல் பக்கத்து பெஞ்சுக்காரரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தார். வக்கீல் குஹ பாபு. அவருடைய வயிறே அவருக்கு எதிரான சாட்சி. "உண்மையைச் சொல்லுங்க, அந்தக் கடைசி ரெண்டு டெவில் நீங்கதானே?"

"நானா? டாக்டர் பித்தப்பையை எடுக்கணும்கிறார். நான் ஒண்ணுக்கு மேல தொடறதில்லை." குஹ பாபு குரலைத் தாழ்த்தினார். "யாருன்னு எனக்குத் தெரியும். ஆனா சொல்ல மாட்டேன். என்னைப் பத்தி என் சம்சாரம் கேட்டா நாளைக்கு அவங்களும் சொல்லக் கூடாதில்லையா?"

"எவங்க?"

குஹ பாபு பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

பரிமல் தெருவைப் பார்த்துத் திரும்பினார். நாலு இருபத்தைந்து. சந்தின் மூலையில் ஒரு கறுப்புக் குடை தெரிந்தது. குடைக்குக் கீழே வெள்ளைப் புடவை, கையில் ஜபமாலைப் பை.

மாமியார்.

முதலில் அவருக்கு பயம் இல்லை. மாமியார் தினமும் நாலு மணிக்கு மேல் கோயிலில் பாகவதம் கேட்கப் போவார். ஆறு மணிக்குள் திரும்பி வந்து விளக்கேற்றிச் சங்கு ஊதுவார். சந்துக்கே தெரிந்த விஷயம். கோயில் இடது பக்கம். மாமியார் வலது பக்கம் திரும்பினார். நேராக அபயா கேபினைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்.

பரிமல் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோனார். காலையில்தான் மாமியார் சட்டையை மோந்து பார்த்தார். "பரிமல், உன் சட்டைக் கையில என்ன கடுகு வாசனை?" "ஆபீஸ்ல பக்கத்து சீட்காரர் கடுகெண்ணெய் தேய்ச்சுக்கிட்டு வர்றார்ம்மா." மாமியார் இரண்டாம் முறை மோந்துவிட்டுத்தான் போனார். யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கண்ணால் பார்க்க வருகிறார்.

ஒன்பது வருடப் பெருமை. "மகன் இருந்தாக்கூட" என்று அவர் சொல்லும்போது அந்த முகத்தில் வருகிற வெளிச்சம். அதை இன்றைக்கு இந்த பெஞ்சில் வைத்து அணைக்கப் போகிறோம்.

பரிமல் சட்டென்று குஹ பாபுவின் கையிலிருந்த பத்திரிகைத் தாளைப் பிடுங்கி முகத்துக்கு நேரே பிடித்தார். அபயா கேபினில் வாங்குவது ஒரே பத்திரிகை. அது தாள் தாளாகப் பிரிந்து வாடிக்கைக்காரர்களிடம் சுற்றும். ஒருவர் தாளை இன்னொருவர் தொட்டால் கொலைக் குற்றம்.

"அது என் தாள்!" குஹ பாபு அந்தப் பக்கம் இழுத்தார். "கால்பந்துச் செய்தி பாதியில நிக்குது!"

"அஞ்சு நிமிஷம் கொடுங்க, உயிர் போற விஷயம்!"

"எனக்கு மட்டும் என்ன? நேத்து மேட்ச்ல பெனால்டி அடிக்கறதுக்கு முன்னாடியே எழுந்து போயிட்டேன்!"

தாள் நடுவில் சர்ரென்று கிழிந்தது. பாதி முகத்தை மறைத்துக்கொண்டு பிரயோஜனமில்லை. பரிமல் பெஞ்சைத் தாண்டிச் சமையலறைக்குள் பாய்ந்தார்.

"செருப்போட உள்ள வராதீங்க!" என்று தாசரதி கத்தினார். ஒடிசாக்காரர், ஆசாரம் ஜாஸ்தி. அவருடைய சமையலறையில் முதலாளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார்.

பரிமல் அவசரமாகச் செருப்பைக் கழற்றக் குனிந்தார். பிடிமானத்துக்கு நீட்டிய வலது கை, அடித்து வைத்திருந்த முட்டைப் பாத்திரத்துக்குள் முழங்கை வரை போனது. பதறி இழுத்ததில் கால் வழுக்கி, ரொட்டித்தூள் பரப்பியிருந்த தட்டின் மேலேயே விழுந்தார். எழுந்தபோது மூக்கு, மீசை, சட்டை எல்லாம் தூள்.

தாசரதி கரண்டியோடு அவரைச் சுற்றி வந்து பார்த்தார். "முட்டையில தோய்ச்சாச்சு, தூள்ல புரட்டியாச்சு. எண்ணெய்தான் பாக்கி."

"அண்ணே, பின்வாசல் எங்க? என் மாமியார் வர்றாங்க!"

தாசரதியின் முகம் உடனே மாறியது. "அடக் கடவுளே, மணி ஆயிடுச்சா! ஓடுங்க, ஓடுங்க, இந்தப் பக்கம்!" என்று கரண்டியாலேயே வழி காட்டிவிட்டு, முன்பக்கம் பார்த்து, "நித்தாய், பின்பக்கம் அனுப்பிட்டேன்!" என்று குரல் கொடுத்தார்.

பின்வாசல் இருந்தது. அதை அடைத்துக்கொண்டு அன்றைக்குத்தான் வந்திறங்கிய கரி மூட்டைகளும் இருந்தன. பரிமல் ஒரு மூட்டையைத் தள்ளிப் பார்த்தார். மேலே இருந்தது சரிந்து, ரொட்டித்தூளுக்கு மேல் கரித்தூள் சேர்ந்ததுதான் மிச்சம். திரும்பிப் போகவும் முடியாது. வாசலில் ஹாபுல் பாபுவின் குரல் கேட்டது: "வாங்க மாசிமா, வாங்க!" பக்கவாட்டில் ஒரு இடுக்கு தெரிந்தது. அதில் நுழைந்து கையில் அகப்பட்ட திரையை விலக்கி உள்ளே போனார்.

இரண்டாம் நம்பர் கேபின். கல்லூரிப் பையன் ஒருவனும் பெண் ஒருத்தியும் ஒரே கட்லெட்டை இரண்டு முள்கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெண் வீலென்று கத்த வாயைத் திறந்தாள். பிறகு கரிக்கும் தூளுக்கும் அடியில் இருந்த முகம் அடையாளம் தெரிந்துவிட்டது. சந்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் காக்கா, அதாவது சித்தப்பா.

"ஐயோ, லாஹிரி காக்கா! அம்மாகிட்ட சொல்லிடாதீங்க! தினமும் உங்களைக் காட்டித்தான் எனக்குப் புத்தி சொல்றாங்க!"

"உஷ்! சத்தம் போடாதே!"

"உங்களை மாதிரி மனசை அடக்கணுமாம். நாக்கை அடக்கத் தெரிஞ்சவன் எல்லாத்தையும் அடக்குவானாம். இனிமே வர மாட்டேன் காக்கா, சத்தியமா!" அவள் அழவே தொடங்கிவிட்டாள்.

பையன் அவசரமாகத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினான். "சார், ஒரு துண்டு எடுத்துக்கங்க... ஐயோ, மன்னிச்சுக்கங்க, நீங்க இதெல்லாம் தொட மாட்டீங்களே!"

பரிமலின் சட்டைக் கையிலிருந்து முட்டை சொட்டுச் சொட்டாகத் தட்டில் விழுந்தது. மூவரும் அதைப் பார்த்தார்கள். பெண்ணின் அழுகை நின்றது. இப்போது அவள் கண்ணில் பயம் இல்லை, ஆர்வம்தான் இருந்தது.

"காக்கா, நீங்க இங்க எதுக்கு..."

அப்போது பக்கத்துக் கேபினில் திரை வளையங்கள் சத்தமிட்டன. நாற்காலி நகர்ந்தது. குடையைச் சுவரில் சாய்த்து வைக்கும் சத்தம். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். மாமியார் எப்போதும் பூசும் சந்தன வாசனை தடுப்பின் இடுக்கு வழியே வந்தது. பொறி வைத்துப் பிடிக்க உட்கார்ந்துவிட்டார், தான் அகப்படும்வரை போகமாட்டார் என்று பரிமலுக்கு உறைத்தது.

"நித்தாய்!" அடங்கிய குரல், ஆனால் மாமியாரின் குரலேதான். "மறைக்காம சொல்லு. பரிமல் இங்க இருக்கானா? வாசல்ல அவன் குடை இருக்கு."

பரிமல் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது. இதற்கு மேல் ஒளிந்தால் கேவலம் இன்னும் கூடத்தான் செய்யும். நித்தாய் பாவம், தனக்காகப் பொய் சொல்லி மாசிமாவிடம் கெட்ட பேர் வாங்க வேண்டாம். போய்க் காலில் விழுந்துவிடலாம். 'அம்மா, ஒன்பது வருஷமா ஏமாத்திட்டேன். என் நாக்கு கேக்கலை. உங்க நல்ல மனசுக்கு நான் லாயக்கில்லை.' சொல்லிவிட வேண்டும். அடித்தாலும் சரி, வீட்டை விட்டு அனுப்பினாலும் சரி. நினைக்கும்போதே அழுகை வந்தது. அந்த அழுகை நிஜம்.

மீசையிலிருந்த ரொட்டித்தூளைத் தட்டிவிட்டார். பெண் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். பையன் மரியாதையாக எழுந்து நின்றான். பரிமல் திரையைப் பிடித்து, ஒரு காலை வெளியே வைத்தார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் மேஜையில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. கூடவே நித்தாயின் குரல்:

"அவரைப் பின்வாசல் வழியா அனுப்பியாச்சு மாசிமா, நீங்க பதறாம உங்க ரெண்டு டெவிலையும் சூடா சாப்பிடுங்க; ஒம்பது வருஷமா உங்க ரெண்டு பேரையும் ஒருத்தர் கண்ணுல ஒருத்தர் படாம பார்த்துக்கிட்ட கடை, இன்னிக்கா விட்டுடும்?"